லக்சம்பேர்க் கடனும் கிங்ஸ்பரி விலையும்

கிங்ஸ்பரி, லண்டன்
14.9.1994

தங்கச்சி பெர்னடெற்றுக்கு,

உன்ர கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மகன் யாக்கோப்பு வேலைக்கு வெளிக்கிடேக்க வாசல்ல கிடந்ததை எடுத்து என்ர மடியில போட்டிட்டுப் போனவன். நாலு தரம் வாசிச்சன். அஞ்சாம் வகுப்போட நிண்டவளுக்கு விளங்கேல்லையாக்கும் எண்டு நினைச்சு மருமகள் வத்சலாவைக் கொண்டும் வாசிப்பிச்சன். அவள் வாசிக்கவும் அதேதான். "அக்கா, மாதர் சங்கத்துப் பெண்களுக்கு இனிமேல் பணம் அனுப்ப வேண்டாம்."

அதுக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. குசினிக்குப் போறன், முன்னறைக்கு வாறன், ஜன்னலால றோட்டைப் பாக்கிறன். வத்சலா கேக்கிறாள், மாமி ஏதும் துலைச்சுப்போட்டியளோ எண்டு. ஓம் பிள்ளை, துலைச்சுத்தான் போட்டன் எண்டன்.

நான் என்ன களவெடுத்த காசோ அனுப்பினனான்? கிங்ஸ்பரியிலயும் ஹரோவிலயும் இருக்கிற பொம்பிளையளுக்குச் சாறிச் சட்டை தைச்சு, ஊசி குத்தின விரலால சேர்த்த காசு. நத்தாருக்கு அரிசி, பள்ளிக்கூடம் துவங்கேக்க கொப்பி, கடல் தொழில் இல்லாத மாசத்துக்குச் செலவு. ஆறு வருசமா ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொன்னதில்லை. இப்ப லக்சம்பேர்க் எண்டு ஒரு நாடு வருதாம், நான் ஒதுங்க வேணுமாம்.

நீ படிச்சனி, ரீச்சர், சங்கத்துக்குச் செயலாளர். எனக்கு விளங்கிற மாதிரி எழுது. நான் பள்ளிக்கூடத்தை விட்டது உன்னைத் தூக்கி வைச்சிருக்க வீட்டில ஆளில்லாமல் எண்டதை மட்டும் மறக்காமல் எழுது.

அக்கா
மேரிறோஸ்

*

மன்னார்
20.10.1994

அன்புள்ள அக்கா,

நீங்கள் தூக்கி வைத்திருந்ததை நான் மறக்கவில்லை. மறக்க நீங்கள் விடுவதும் இல்லை. அது கிடக்கட்டும்.

லக்சம்பேர்க் மிகச் சின்ன நாடு. ஆனால் வசதியான நாடு. அங்கத்தைய ஒரு சபையின் ஆட்கள் தங்கள் சனத்திடம் ஒரு பங்கு சேர்க்கிறார்கள். மிச்சப் பங்கை அவர்களுடைய அரசாங்கம் போடுகிறது. அந்தப் பணம் எங்கள் சங்கத்துக்கு வருகிறது. தானமாக அல்ல, கடனாக. வட்டி கிடையாது. ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்திக்கு மற்ற நாலு பேர் பிணை. கட்டுகிற பணம் அவர்களின் நாட்டுக்குத் திரும்பிப் போகாது. இங்கேயே நின்று அடுத்த ஐந்து பேருக்குப் போகும், பிறகு அதற்கடுத்த ஐந்து பேருக்கு. அவர்கள் போன பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் எண்ணம்.

எதற்குத் தருவார்கள் என்பதிலும் பிடிவாதம். ஆண்கள் இழுவைப் படகு கேட்டார்கள். கடலின் அடியை வழித்துக்கொண்டு வருகிற வேலைக்கு ஒரு சதமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் கருவாடு காயப்போடப் பரண், உப்புத் தொட்டி, நல்ல தண்ணீர்க் கிணறு, இவற்றுக்குத்தான். இப்போது மணலில் போட்டு நாயும் காகமும் தின்றது போக மிச்சத்தை விற்கிறார்கள். பரணில் காய்ந்தால் மண் இல்லை, விலையும் கூடும்.

வந்திருந்த வெள்ளைக்காரப் பிள்ளை சங்கத்தில் ஒரு கேள்வி கேட்டாள். "ஒரே வாசலால் கடனும் வருகிறது, இலவசமும் வருகிறது என்றால் நீங்கள் எதற்காகக் காத்திருப்பீர்கள்?" தவமலர்தான் பதில் சொன்னாள். "இலவசத்துக்குத்தான், பின்னே என்ன." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு உங்களுடைய பணத்தை நினைத்துப் பயம் வந்தது. கோபிக்க வேண்டாம்.

தவமலரைத் தெரியும்தானே, புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவள், மூன்று பிள்ளைகள். முதல் குழுவில் அவளும் ஒருத்தி. ஏற்கெனவே பரணுக்குத் தடி நட்டுவிட்டாள்.

உங்கள் தங்கை
பெர்னடெற்

*

கிங்ஸ்பரி
9.1.1995

தங்கச்சிக்கு,

நத்தார் முடிஞ்சுது. இஞ்ச பனியும் இல்லை மழையும் இல்லை, ரெண்டுங்கெட்டான் குளிர். பேத்தி பியற்றிஸ் பள்ளிக்கூடத்து அட்லசைக் கொண்டுவந்து லக்சம்பேர்க்கைக் காட்டினவள். காட்டினவள் எண்டு என்ன, நாட்டில பேர் எழுத இடமில்லாமல் பக்கத்து நாட்டுக்கு மேல எழுதியிருக்கு. என்ர சின்ன விரலை வைச்சன், மறைஞ்சு போச்சு.

"அம்மம்மா எண்டு கூப்பிடாத, நான் அப்பம்மா" எண்டு எத்தினை தரம் சொன்னாலும் அவளுக்கு எல்லாம் அம்மம்மாதான். ஆனால் கெட்டிக்காரி. வகுப்பில முதலாம் பிள்ளை. அவள் சொல்லுறாள், பணக்கார நாடெல்லாம் நூறு ரூபா உழைச்சால் முக்கால் ரூபா அளவில ஏழை நாட்டுக்குக் குடுக்க வேணும் எண்டு எப்பவோ கதைச்சு வைச்சவையாம். பெரிய நாடுகள் கனபேர் அதைக் குடுக்கிறதில்லையாம். கொஞ்சச் சின்ன நாடுகள்தான் மினக்கெட்டுக் குடுக்கிறதாம். "பிரிட்டன் குடுக்குதோ?" எண்டு கேட்டன். தோளைத் தூக்கிப்போட்டு ரீவியைப் போட்டவள்.

இப்ப நான் கேக்கிறன் பெர்னடெற். அந்த நாட்டுச் சனம் உங்களை ஒருநாளும் கண்டதில்லை. தவமலரின்ர கல்யாணத்துக்குச் சோறு போட்டவையும் இல்லை. அவை குடுத்தால் சரி, நான் குடுத்தால் பிழை. தெரியாதவன் குடுத்தால் திட்டம், தெரிஞ்சவள் குடுத்தால் கெடுதல். இதை எந்தப் புத்தகத்தில படிப்பிக்கினம்?

நீ சொன்னபடி இந்த நத்தாருக்கு ஒண்டும் அனுப்பேல்லை. கை அரிச்சுக்கொண்டே இருந்தது. காசை பிஸ்கட் ரின்னுக்குள்ள போட்டு அலுமாரிக்கு மேல வைச்சிருக்கிறன்.

ஒண்டு மட்டும் சொல்லு. நத்தார்ப் பூசையில வழக்கமா "லண்டன் மேரிறோஸ் குடும்பத்தின் உதவி" எண்டு சுவாமியார் வாசிக்கிறவர். இந்த முறை வாசிச்சவரோ?

அக்கா

*

மன்னார்
11.6.1995

அன்புள்ள அக்கா,

வாசிக்கவில்லை. கொடுக்காததை எப்படி வாசிப்பார்?

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. ஏப்ரலில் திரும்பவும் சண்டை தொடங்கியது ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். கடலை மூடிவிட்டார்கள். பிறகு பாஸ் உள்ளவர்கள் மட்டும், அதுவும் விடிந்த பிறகு, கரைக்குக் கிட்ட மட்டும். மீன் இல்லை. பரண்களில் பிள்ளைகள் உடுப்புக் காயப்போடுகிறார்கள்.

முதல் குழு ஐந்து பேரும் இரண்டு மாதமாகக் கட்டவில்லை. நான் லக்சம்பேர்க்குக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். பதில் வந்தது. கடல் மூடியிருந்தால் கடனும் நிற்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம், திறந்ததும் பெண்களே கூடி எப்படிக் கட்டுவது என்று முடிவெடுக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தைச் சங்கத்தில் தமிழில் சொன்னேன். தவமலர் நம்பவில்லை. "கடன் குடுத்தவன் பொறுப்பானோ ரீச்சர், இதில ஏதோ கிடக்கு" என்கிறாள். இரண்டாம் குழுப் பெண்கள் வேறு அவளைக் கடைத்தெருவில் கண்டால் முறைக்கிறார்கள். முதல் குழு கட்டினால்தானே அவர்களுக்கு வரும்.

அக்கா, உங்களைத் தெரிந்துதான் இதை எழுதுகிறேன். ஒன்றும் செய்ய வேண்டாம். ரின்னை அலுமாரிக்கு மேலேயே விடுங்கள். இந்தப் பெண்கள் இதைத் தாங்களாகக் கடந்து வர வேண்டும். அவர்கள் கடந்தால் இந்தச் சங்கம் நிற்கும்.

பெர்னடெற்

*

கிங்ஸ்பரி
2.8.1995

தங்கச்சிக்கு,

இஞ்ச நல்ல வெய்யில். நான் சுகம், முழங்கால்தான் சொல்வழி கேக்குதில்லை. பக்கத்து வீட்டு ஐரிஷ் மனிசி தன்ர றோசாப்பூவில ரெண்டு தந்தவ. பியற்றிஸ் நீச்சல் பழகுறாள்.

போன கிழமை சவுத்தாலுக்குப் போனனான், சட்டைத்துணி எடுக்க. ரெண்டு பஸ் மாறிப் போக வேணும். வழியில கனகலிங்கத்தின்ர கடையிலயும் ஏறினனான். அவரைத் தெரியுமோ, உண்டியல் செய்யிறவர். இஞ்ச காசைக் குடுத்தால் அங்க அவற்ற ஆள் வீட்டு வாசல்ல கொண்டுபோய்க் குடுப்பான். நல்ல மனிசன். தேத்தண்ணி தந்தவர்.

வேற விசேஷம் இல்லை. கடல் திறந்துதோ?

அக்கா

*

மன்னார்
5.11.1995

அக்கா,

கடல் பாதி திறந்தது. வாய்கள் முழுதாகத் திறந்துவிட்டன.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் தவமலரும் மற்ற நாலு பேரும் ஒரே நாளில் சங்கத்துக்கு வந்து மிச்சக் கடன் முழுவதையும் வைத்தார்கள். எங்கிருந்து என்று கேட்டேன். ஐந்து பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் புரிந்துகொண்டேன், பேசாமல் வாங்கிக்கொண்டேன். அது என் பிழை. செப்டம்பரில் அந்தப் பணம் இரண்டாம் குழுவுக்குப் போனது. அதோடு ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

ஆனால் நீங்கள் கொடுத்தது தவமலரிடம். அவளுக்கு உங்கள் மேல் உள்ள நன்றியை நெஞ்சுக்குள் வைத்திருக்கத் தெரியாது. ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர்களாம். அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. கடவுளிடம் சொன்னாள். ஞாயிறு முதல் பூசையை யாருக்காக ஒப்புக்கொடுப்பது என்று கருத்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். சுவாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியில் வாசிக்கிறார். "எங்கள் ஐந்து பேரின் கடனையும் கட்டித் தீர்த்த லண்டன் மேரிறோஸ் அக்காவின் உடல் நலனுக்காக."

கோவில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டாம் குழு இன்றுவரை ஒரு தவணையும் கட்டவில்லை. கேட்டால், "ரீச்சர், உங்கட அக்கா எங்களுக்கு மட்டும் என்ன வஞ்சகமோ? தவமலருக்குக் கட்டினவ எங்களுக்கும் கட்டுவாதானே" என்கிறார்கள். கேலிக்கு அல்ல. உண்மையாகவே காத்திருக்கிறார்கள்.

போன கிழமை லக்சம்பேர்க்கிலிருந்து அந்தப் பிள்ளை திரும்ப வந்தாள். கடல் மூடியிருந்த காலத்தில் ஐந்து பேர் எப்படி ஒரே நாளில் கட்டினார்கள் என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. அவள் கோபிக்கவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, "அப்படியென்றால் இந்தச் சங்கம் கட்டியது அல்ல, லண்டன் கட்டியது" என்றாள். மூன்றாம் குழுவுக்கும் கிணற்றுக்கும் இப்போதைக்குப் பணம் இல்லை. பெண்கள் தங்கள் உழைப்பால் கட்டுவதைக் கண்ட பிறகு பார்க்கலாம் என்று போய்விட்டாள்.

ஐந்து பேரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். தவமலர் அழவில்லை. "அப்ப லண்டன் அக்காவுக்கு நாங்கள் கடன்காரர்" என்றாள். உங்கள் பணத்தை உங்களுக்கே திருப்பித் தருவதென்று அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

பெர்னடெற்

*

கிங்ஸ்பரி
1.12.1995

பெர்னடெற்,

திருப்பித் தரப்போகினமோ?

நீ என்ன எழுதிறாய் எண்டு உனக்குத் தெரியுதோ? ஊருக்கு அனுப்பின காசை ஊர் திருப்பி அனுப்பினது எண்டு இந்த லண்டன்ல ஆரும் கேள்விப்பட்டிருக்கினமோ? பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க நான் எப்பிடி நிமிர்ந்து நிக்கிறது? "மேரிறோஸ் அக்காவின்ர காசு வேண்டாமாம்" எண்டு சொல்ல வாய் எத்தினை இருக்கு.

நான் பிழை செய்தனான் எண்டு ஒருக்காலும் எழுத மாட்டன். மூண்டு பிள்ளையோட ஒருத்தி பரண்ல உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள் எண்டு நீதான் எழுதினனி. அதை எழுதிப்போட்டு ரின்னைத் தொடாத எண்டால்? ரெண்டு கிழமை அந்த அலுமாரியைப் பாத்துப் பாத்துப் படுத்தனான். மூண்டாம் கிழமை சவுத்தாலுக்குப் போனனான். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தவமலர் ஒரு திட்டம். எனக்கு அவள் அன்னம்மா மாமியின்ர பேத்தி.

தவமலர் பூசைக்குக் கருத்துக் குடுப்பாள் எண்டு நான் நினைக்கேல்லை. வாயை மூடு எண்டு சொன்னால் சுவாமியாரின்ர வாயையும் சேர்த்து மூட வேணுமெண்டு ஆருக்குத் தெரியும்.

மூண்டாம் குழுவில ஆர் ஆர் இருந்தது? கிணறு எந்தப் பக்கம் வெட்ட இருந்தது?

யாக்கோப்பு சொல்லுறான், "அம்மா, பிச்சை குடுக்கிறது லேசு, கடன் குடுக்கிறதுதான் மரியாதை" எண்டு. பெரிய மனிசன். அவன்ர வீட்டுக் கடனைத் தந்த பாங்க் அவனுக்கு மரியாதை குடுக்கிறது எனக்குத் தெரியும், மாசா மாசம் கடிதம் வருது.

காசைத் திருப்பி அனுப்பினால் நான் வாங்க மாட்டன். தபால்காரனோட திருப்பி விடுவன்.

மேரிறோஸ்

*

மன்னார்
10.2.1996

அன்புள்ள அக்கா,

எங்கள் சங்கத்து மெற்றில்டா மகனிடம் லண்டனுக்கு வருகிறாள். விசா கிடைத்துவிட்டது. அவள் மகனும் உங்கள் பக்கம்தான், வெம்பிளி. அவளிடம் இரண்டு பெட்டி கொடுத்திருக்கிறோம். உள்ளே காசு இல்லை, ஆகவே நீங்கள் திருப்பி விட முடியாது.

ஐந்து பொதி. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துணித்துண்டு கட்டியிருக்கிறது. ஐந்து பேரும் நவம்பரிலிருந்து கிடைத்த மீனெல்லாம் தங்கள் பரணில் காயப்போட்டது. கட்டா, சீலா, கொஞ்சம் திருக்கை. விலை எப்படிப் போடுவதென்று மெற்றில்டாவின் மகனிடம் எழுதிக் கேட்டோம். உங்கள் கிங்ஸ்பரிக் கடையில் கட்டாக் கருவாடு என்ன விலைக்கு விற்கிறதோ அதே விலைதான் போட்டிருக்கிறோம். அந்தக் கணக்குப்படி உங்கள் கடன் தீர்கிறது. மன்னார் விலை போட்டிருந்தால் மூன்று வருடம் அனுப்ப வேண்டிவரும்.

அதைத் தவமலர்தான் சொன்னாள். "லண்டன் அக்கா லண்டன்ல இருக்கிறா, அப்ப லண்டன் விலைதானே."

பெர்னடெற்

*

கிங்ஸ்பரி
20.3.1996

தங்கச்சி பெர்னடெற்றுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. வீடும் நாறிச் சேர்ந்தது.

ஹீத்ரோவில ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை. பாத்திருந்தால் மெற்றில்டா இப்பவும் அங்கதான் நிண்டிருப்பா. முன்னறையில ரெண்டு நாள் வைச்சனான். வத்சலா ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விட்டவள், மார்ச் மாசக் குளிரில. பியற்றிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போறாள். ஐரிஷ் மனிசி கதவைத் தட்டி, "மேரி, உங்கட பக்கத்துச் சாக்கடைக் கான் ஏதும் உடைஞ்சு போச்சோ, கவுன்சிலுக்குப் போன் பண்ணவோ?" எண்டு கேட்டவ. நான் மீன் எண்டு சொன்னன். தபசு காலம்தானே, கத்தோலிக்க மனிசி, விளங்கிக்கொண்டா.

துணித்துண்டில பேர் பாத்தன். தவமலர். அவளின்ர எழுத்து என்ர எழுத்து மாதிரியே கோணல்.

முதல் நினைச்சன், எல்லாத்தையும் கட்டி வைச்சு ஊருக்கே அனுப்புவம் எண்டு. பேந்து நினைச்சன், ஆருக்கும் சும்மா குடுப்பம் எண்டு. பொதியைக் கையில எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு, ஸ்டேசன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தனான். சும்மா குடுத்தால் அவள் பட்ட பாட்டுக்கு என்ன மதிப்பு எண்டு வந்திட்டுது. அது உன்ர லக்சம்பேர்க்காரியின்ர கதை மாதிரி இருந்தது, எனக்குக் கோவமும் வந்தது.

தபசு காலத்தில வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பொதியோட போனன். பூசை முடிய வெளியில நிண்டு வித்தன். ஓம், வித்தன். லண்டனில பன்னிரண்டு வருசமா வாங்கிற ஆளாவும் குடுக்கிற ஆளாவும் இருந்தனான், விக்கிற ஆளா நிண்டதில்லை. ஹரோப் பொம்பிளையள் மணந்து பாத்திட்டு, "அக்கா, மண் இல்லாமல் கிடக்கு, எங்கத்தையது?" எண்டு கேக்கினம். ரெண்டு ஞாயிற்றில அஞ்சு பொதியும் முடிஞ்சு போச்சு. அடுத்தது எப்ப எண்டு கேக்கினம்.

என்ர காசு என்ர கைக்கு வந்திட்டுது. கடன் தீர்ந்தது எண்டு அஞ்சு பேருக்கும் சொல்லு.

இனி என்ர முறை. அடுத்த தபசு காலத்துக்கு ரெண்டு பெட்டி வேணும். கட்டா கூடுதலா, திருக்கை வேண்டாம். காசு சங்கத்துக்கு அனுப்பிறன். உனக்கு எழுதி, உன்ர பேருக்கு, கனகலிங்கம் இல்லாமல். இது உதவி இல்லை, சாமானுக்கு விலை. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் காட்டு. ஆருக்கும் பூசைக்குக் கருத்துக் குடுக்க வேண்டாம் எண்டும் சொல்லு.

ஆனால் ஒண்டு. தவமலரின்ர பொதியில உப்புக் கூடிப்போச்சு. மற்ற நாலு பேரின்ரயும் நல்லது, அவளின்ரயை ரெண்டு தரம் ஊறப்போட வேண்டிக் கிடந்தது. ரெண்டு பேர் வாங்கிப் போய் என்னட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவை. அவளின்ரக்கு முழு விலை தர மாட்டன். விலையைக் குறைக்கச் சொல்லு.

அக்கா
மேரிறோஸ்

*

மன்னார்
2.5.1996

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைச் சங்கத்தில் முழுதாக வாசித்தேன். இரண்டாம் குழுப் பெண்கள் பின்வரிசையில் இருந்து கேட்டார்கள். ஐந்து பேரும் மூன்று மாதம் பரணோடு கிடந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்தானே. லண்டனிலிருந்து ஒன்றும் வரப்போவதில்லை, விலைதான் வரும் என்று அன்றைக்கு விளங்கியது. அடுத்த கிழமை முதல் தவணை வந்தது, முணுமுணுத்துக்கொண்டுதான் வைத்தார்கள்.

இதையெல்லாம் லக்சம்பேர்க்குக்கு எழுதினேன், பதில் வந்துவிட்டது. மூன்றாம் குழுவுக்கும் கிணற்றுக்கும் பணம் வைகாசி கடைசியில். கிணறு கோவிலுக்கு வடக்கே, மீன் வாடிகளுக்குப் பக்கத்தில்.

தவமலரிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவள் எழுந்து நின்றாள். உங்கள் பெயரைக் கேட்டால் தலையில் முக்காடு போடுகிறவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரீச்சர், அக்காவுக்கு எழுதுங்கோ. உப்புக் கூடேல்லை. அக்கா லண்டன் போய்க் கனகாலம், நாக்குச் செத்துப்போச்சு. கிங்ஸ்பரிக் கடையில என்ன விலையோ அதுதான் விலை. வேணுமெண்டால் வாங்கட்டும், வேண்டாமெண்டால் சவுத்தாலில வேற ஆள் பாப்பம்."

பெர்னடெற்